மலைக்கு மேலே மட்டும்தான் போனேன்

பெஹாலா, கொல்கத்தா
மார்ச் 3

அன்புள்ள வசுமதிக்கு அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அதிலும் நான் சுகம் என்பதை இந்தத் தடவை இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். நீயும் உன் கூட இருக்கும் மீராவும் ஆக்லாந்தில் அப்படியே சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பத்தாவது வார்த்தைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, உனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அம்மா நடுவில் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம். தபாலில் வந்து சேர நாளாகும் என்பதால் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தும் அனுப்புவாள், அவள் விரல் மறைத்த இடங்களை நீயே யூகித்துப் படித்துக்கொள். அன்று மலை உச்சியில் நான் நிற்கும்போது உன் வேலை போன விஷயத்தைச் சொல்லி நீ அழுதாய், நான் சிரித்தேன். ஏம்ப்பா சிரிக்கிறீங்க என்று கேட்டாய், பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதன் பிறகு மூன்று முறை பேசிவிட்டோம், நீ அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. பெற்ற பெண் அழும்போது சிரித்த அப்பன் என்று என்னைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு நான் நவம்பர் மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பொறுமையாகப் படி.

போன ஜூனில் எனக்கு பைபாஸ் ஆனபோது நீ வந்து ஆறு வாரம் இருந்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு இந்த வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது, யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை. முப்பத்து நான்கு வருஷம் துறைமுகத்தில் டிராஃபிக் டிபார்ட்மென்டில் கத்திக் கத்தியே காலம் தள்ளியவன் நான், வீட்டுக்கு வந்தால் உன் அம்மா என்னை ஒரு வாய் பேச விடமாட்டாள், அது உனக்கே தெரியும். அவள் இப்போது நான் எதைச் சொன்னாலும் சரிங்க, சரிங்க என்கிறாள். டிவியை நான் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் சரிங்க. மார்க்கெட்டில் சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தாலும் சரிங்க. நீயும் போனில் மாத்திரை சாப்பிட்டீங்களா, நடந்தீங்களா என்பதோடு நிறுத்திக்கொண்டாய், முன்பெல்லாம் அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கு நிற்பவள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அதோடு உன் போன் வருகிற நேரமும் மாறிப்போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் வருகிறது, அப்போது அங்கே மத்தியானம் இரண்டரை, ஆபீஸில் இருக்க வேண்டிய பெண் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டால் இன்னிக்கு அவளுக்கு லீவாம் என்கிறாள். அந்த ஊரில் வாரத்தின் நடுவிலும் லீவு விடுகிறார்களா என்று கேட்டேன், அதற்கும் சரிங்க என்றாள்.

நவம்பரில் ஒரு காலை, நான் குளிக்கப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூணு மாசம்தான்னு சொல்லிட்டாங்களா என்று கேட்டாள். அப்புறம், அப்பாகிட்ட மூச்சு விட்டுடாதே, அவரு தாங்கமாட்டாரு, அவருக்குத் தெரியாமலே பாத்துக்கலாம் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். வசு, அதைக் கேட்டவன் வேறு என்னதான் நினைப்பான்? அதற்கு முந்தின வாரம்தான் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் அம்மாவிடம் தனியாகப் பேசியிருந்தார். சரி, நமக்கு நாள் குறித்துவிட்டார்கள், மூன்று மாதம், பிப்ரவரியோடு சரி என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், சொல்லும்போது அழுவார்கள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக நான் உங்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். மூன்றாவது மாதமே ஏறலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயம். நம் வீடு முதல் மாடி, இருபத்திரண்டு படி, அதை ஏறும்போதெல்லாம் நடுவில் நின்று நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் கீழே இறங்குவதையே குறைத்துவிட்டேன்.

பிப்ரவரி பிறந்ததும் உன் அம்மா திடீரென்று எங்காவது போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாமா என்றாள். முப்பது வருஷமாக நான் கூப்பிட்டால் பால்காரனைச் சொல்வாள், தண்ணீர் மோட்டாரைச் சொல்வாள், இப்போது அவளே கூப்பிடுகிறாள். கடைசியாக மனுஷனுக்கு ஒரு இடத்தைக் காட்டிவிடலாம் என்று நினைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீதான் அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போ, வீட்டிலேயே கிடக்கிறார் என்று அவளை விரட்டினாய் என்பது எனக்கு எங்கே தெரியும். புருலியா பக்கம் ஒரு கிராமம், பூர்ணிமா என்று ஒரு பெண் தன் வீட்டிலேயே மூன்று அறையை விருந்தினருக்கு விட்டிருக்கிறாள், மண் சுவர், ஓட்டுக் கூரை, சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். என்னை மேஷோமொஷாய், அம்மாவை மாஷிமா என்று முதல் நாளே சித்தப்பா சித்தி ஆக்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை. ஊர்க்காரர்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, பாஹார், அதாவது மலை, என்றால் அதுதான். பெரிய மலை இல்லை, ஆடு மேய்க்கிற பெண்கள் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறார்கள். சுற்றிலும் பலாஷ் பூத்திருந்தது, நம் ஊரில் புரசு என்பார்கள், இலையே இல்லாமல் மரம் முழுக்கச் சிவப்பு. முதல் இரண்டு நாள் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அம்மா அவித்த பட்டாணியும் பொரியும் கொண்டு வந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள், நான் இரண்டாவது தடவை டீக்குச் சர்க்கரை கேட்டேன், அதற்கும் சரிங்க. அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பினேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை சட்டைப் பையில், போன் இன்னொரு பையில், தலையில் குரங்குக் குல்லாய், நாற்பது வருஷம் கொல்கத்தாவில் இருந்துவிட்டு அது இல்லாமல் காலைப் பனியில் இறங்க முடியுமா. பூர்ணிமா முற்றம் மெழுகிக்கொண்டிருந்தாள், மலைக்குப் போகிறேன், மாஷிமாவிடம் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீரத்தில் போனேன் என்று நினைக்காதே. எப்படியும் இந்த மாதத்தோடு முடியப் போகிறது, நாற்காலியில் உட்கார்ந்து முடிவதற்கு நடந்தே முடியட்டும் என்றுதான் போனேன். தப்புத்தான், அம்மாவைத் தவிக்கவிட்டது பெரிய தப்பு, அதற்கு வாங்க வேண்டியதை நான் வாங்கிவிட்டேன்.

பாதை முதலில் சால மரங்களுக்கு நடுவே போகிறது. காய்ந்த இலை கால் வைக்கிற இடமெல்லாம் நொறுங்குகிறது, அது ஒன்றுதான் சத்தம். பெஹாலாவில் ஆட்டோ ஹாரன் இல்லாமல் ஒரு நிமிஷம் கிடைக்காது, இங்கே நான் நின்றால் எல்லாம் நின்றுவிடுகிறது. நின்றேன். என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது, பக்கத்து வீட்டு மிக்ஸி போல. சரி, வந்துவிட்டது என்று ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மாத்திரையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வலி இல்லை, வியர்வை இல்லை, மூச்சு மட்டும் வாங்கியது, அறுபத்தேழு வயசில் மலை ஏறினால் யாருக்குத்தான் வாங்காது. சுள்ளிக் கட்டோடு ஒரு அம்மாள் எதிரே இறங்கி வந்தாள், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆஸ்தே ஆஸ்தே, மெதுவாக மெதுவாக, என்று சொல்லிவிட்டுப் போனாள். மெதுவாகவே போனேன். நூறு அடி, ஒரு நிற்றல். அப்புறம் நூற்றைம்பது. ஓரிடத்தில் பாறை சறுக்கியது, உட்கார்ந்துகொண்டு கைகளை ஊன்றி ஏறினேன், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் நான் நெஞ்சைக் கேட்பதையே மறந்துவிட்டேன் வசு. எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. உச்சியில் ஒரு தட்டைப் பாறை, குங்குமம் அப்பிய ஒரு கல், அவ்வளவுதான். கீழே குளம், ஓட்டு வீடுகள், தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போனது, பழைய வழக்கம் விடுமா, ஐம்பத்தெட்டு வேகன் எண்ணினேன். எனக்கு அழுகை வந்தது. நான் செத்துப்போக மாட்டேன் என்று தோன்றியதால் இல்லை. டாக்டர் சொன்னது சொன்னதுதான், ஆனாலும் இத்தனை நன்றாக இருக்கும் உடம்புக்கு மூன்று மாதம் என்றால் அநியாயமாக இருக்கிறதே என்று அழுதேன்.

இந்த நேரத்தில் கீழே நடந்தது உனக்குப் பாதி தெரியும், மீதியையும் கேள். அம்மா குளித்துவிட்டு வந்து என்னைத் தேடியிருக்கிறாள். பூர்ணிமா கைச் சாணியைக் கழுவிக்கொண்டே, மேஷோமொஷாய் உபொரே சோலே கேச்சேன் என்றாளாம், மேலே போய்விட்டார். வங்காளத்திலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம், தமிழிலும் இரண்டு அர்த்தம், ஆனால் அம்மா சரியான அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டாள், மலைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே பயந்துபோனாள். அந்த ஊரில் கிணற்றடி ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே ஓடிப் போய் உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாள், பிறகு போனைக் கிணற்று மேடையிலேயே வைத்துவிட்டு மலைப் பாதைக்கு ஓடியிருக்கிறாள். அந்த மெசேஜை நேற்று நானும் கேட்டேன். வசு, அப்பா மேல போயிட்டாருடி, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரு, நான் குளிச்சிட்டு வந்து பாக்கறேன், ஆளு இல்லை, எல்லாம் ஆனப்புறம்தான் எனக்கே சொல்றாங்க, இனிமே நான் தனியா என்னடி பண்ணுவேன். பின்னணியில் அழுகை வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், நானே கேட்டு ஒரு நிமிஷம் என்னை நினைத்துத் துக்கப்பட்டேன். நீ அந்தப் பக்கம் என்ன பட்டிருப்பாய் என்று நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. மீரா பெட்டியை எடுத்து வைத்ததும், நீ பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததும் மீராவே போனில் அம்மாவிடம் சொன்னாள். திருச்சியில் உன் வைத்தீஸ்வரன் சித்தப்பாவுக்கும் சொல்லிவிட்டாய். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வேட்டியோடு தலை முழுகிவிட்டான். அண்ணன் போன செய்தி வந்தால் தம்பி வேறு என்ன செய்வான். நான் போன் செய்தபோது தலையில் ஈரம் சொட்டச் சொட்டத்தான் எடுத்தான், பொய்யா சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டிண்ணே, ஆனா இன்னொரு தடவை என்னைக் குளிக்க வைக்காதே என்றான்.

நீ என் நம்பருக்கு ஏன் கூப்பிட்டாய் என்று இப்போது புரிகிறது, யார் எடுத்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறாய். உச்சியில் சிக்னல் பிரமாதம். எடுத்து ஹலோ என்றேன். யாரு என்றேன். யார் பேசறது என்று கேட்டாய், உன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பாதாண்டி பேசறேன், மலை மேலே நிக்கறேன் என்றேன். அதற்குப் பிறகு நீ கொடுத்தாயே, துமி கி மானுஷ், நீ ஒரு மனுஷனா, தோமார் கி கோனோ ஆக்கேல் நேய், உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா என்று. சின்ன வயசிலிருந்தே உனக்குக் கோபம் வந்தால் வங்காளம்தான் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், தமிழில் திட்ட நாங்கள் சொல்லித் தரவில்லை. எட்டு மாதமாக யாரும் திட்டாத என்னை நீ ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாய், எனக்கு அமிர்தமாக இருந்தது. அந்தக் கோபத்திலேயே நீ உளறிக் கொட்டினாய். உங்க மனசு நோகக் கூடாதுன்னு, அக்டோபர்ல எனக்கு வேலை போனதைக்கூட மறைச்சு, விசாவுக்கு மூணு மாசம்தான்னு சொன்னதை மறைச்சு, பழம் அடுக்கற கொட்டகைல நின்னு வேலை பார்க்கறதை மறைச்சு நானும் அம்மாவும் செத்துக்கிட்டிருக்கோம், நீங்க மலை ஏறப் போனீங்களா என்று அழுதாய்.

மூன்று மாதம். வசு, அது உன் மூன்று மாதம். என்னுடையது இல்லை. அந்த ஒரு நொடியில் உன் வேலையோ உன் விசாவோ எதுவும் என் தலையில் ஏறவில்லை. எனக்கு யாரும் நாள் குறிக்கவில்லை என்பது மட்டும்தான் ஏறியது. அதனால்தான் சிரித்தேன், குழந்தை மாதிரி, நிறுத்த முடியாமல் சிரித்தேன். நீ அழுதுகொண்டிருக்கிறாய் என்று காதில் விழுந்தும் சிரித்தேன். அப்பன் என்று பார்த்தால் அது கேவலம், மறைக்க மாட்டேன். அப்போது லைன் போய்விட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பாறைக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாள், மூட்டு வலிக்காரி, ரப்பர் செருப்போடு, ஈரத் தலை கலைந்து. என்னைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வசு எல்லாத்தையும் சொல்லிட்டா என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், தெரிஞ்சு போச்சா, அப்பாடா என்றாள். நான் நவம்பரில் துண்டுக்காகத் திரும்பி வந்ததையும் கேட்டதையும் நினைத்ததையும் அப்போது அவளிடம் சொன்னேன். டாக்டர் தனியாகச் சொன்னது என்ன தெரியுமா, இவர் நடக்கவே மாட்டேன் என்கிறார், எப்படியாவது நடக்க வையுங்கள் என்பதுதானாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள், குரங்குக் குல்லாயிலிருந்து தொடங்கி சொத்தைக் கத்தரிக்காய் வரைக்கும். மலையிலிருந்து இறங்கி முடிக்கும்வரை நிறுத்தவில்லை, எட்டு மாதத்துச் சரிங்க எல்லாவற்றையும் ஒரே காலையில் திருப்பி வாங்கிக்கொண்டாள். நான் தினமும் இப்போது நம் படியை நிற்காமல் ஏறுகிறேன், இறங்கிப் போய்ப் பச்சைப் பசேலென்று கீரை வாங்கி வருகிறேன், அதற்கும் திட்டுகிறாள், குறை இல்லை.

விசா நீட்டிக் கிடைத்துவிட்டது என்று அம்மா சொன்னாள், நிம்மதி. பழம் அடுக்கும் வேலையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் நாள் முழுக்க நிற்கிறவள் காலுக்கு நல்ல ஷூ போட வேண்டும், முதுகை வளைத்துத் தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, துறைமுகத்தில் முதுகு போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு மனு எழுதும்போது எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதே. கிடைக்காவிட்டால் திரும்பி வா, நம் வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது, அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளை மட்டும் நகர்த்தினால் போதும். வருவதும் தோல்வி இல்லை, இருப்பதும் வீம்பு இல்லை, உனக்கு எது சரியோ அது. ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். இனிமேல் எதையும் அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. கெட்டதென்றால் முதலில் என்னிடம் சொல்.

இன்று காலை அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். உட்கார்ந்து யோசித்தேன். அக்டோபரிலிருந்து நீ தனியாக அந்த ஊரில், வேலை போனதை அப்பாவிடம் சொல்ல முடியாமல், காலையில் எழுந்து கொட்டகைக்குப் போய், வந்து என்னிடம் மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாய். அது எனக்குச் சரியாக உறைக்க இத்தனை நாள் பிடித்தது. அன்றைக்குச் சிரித்துத் தொலைத்தேன். இன்று உனக்காக அழுதேன் வசு, நன்றாக, வாய்விட்டு. நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லா நலனும் உனக்கு வந்து சேரட்டும், தீர்க்காயுசாக இரு. மீராவுக்கு எங்கள் ஆசி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை முதலில் என்னிடம் கொடுக்கச் சொல், மறக்காதே. அந்த நான்கு மாதக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், நடுவில் சிரிக்க மாட்டேன்.

உன் அன்பு அப்பா,
ஜம்புநாதன்